கார் ஹேண்டிலை ஒழித்த கெட்டரிங்

சேத்தியாத்தோப்பு நாலு ரோட்டை அறியாத டிரைவர் கடலூர் மாவட்டத்தில் இருக்க மாட்டார்.

சென்னையில் இருந்து கும்பகோணம் போகும் சாலையும், சிதம்பரத்தில் இருந்து விருத்தாசலம் போகும் சாலையும் இங்கேதான் சந்திக்கின்றன. நெய்வேலிக்குப் போகும் கார், கரும்பு ஏற்றிய டிராக்டர், லாரி, வெளியூர் பஸ் எல்லாம் இந்த இடத்தில் சற்று நின்று வழி பார்த்துத்தான் போக வேண்டும்.

அன்று அப்படி நின்ற ஒரு புதுக் காரின் என்ஜின் திடீரென்று அடங்கிப் போயிற்று. டிரைவர் சாவியைத் தொடவே இல்லை. கார் பழுதாகி விட்டதோ என்று பக்கத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள்.

முன்னால் நின்ற பஸ் நகர்ந்தது. டிரைவர் கிளச்சை மிதித்தார். அடங்கிக் கிடந்த என்ஜின் தானாகவே மறுபடியும் ஓடத் தொடங்கியது. கார் புறப்பட்டுப் போய் விட்டது.

இதைப் பார்த்துக் கொண்டிருந்த டீக்கடை டிரைவர்களுக்குள் பெரிய விவாதம் எழுந்தது.

டிரைவர்கள் என்ன சொல்கிறார்கள்?

கார் நின்றதும் என்ஜினும் தானே நிற்க வேண்டும். புறப்படும்போது தானே ஓட வேண்டும். இப்போது வரும் பல கார்களில் இந்த வசதி இருக்கிறது. சில ஸ்கூட்டர்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் கூட இருக்கிறது.

வாடகைக் கார் ஓட்டும் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. சித்திரை வெயிலில் என்ஜின் நின்றால் ஏ.சி.யின் குளிர்ச்சியும் குறைந்து விடுகிறது, பின்னால் இருக்கும் சவாரிக்காரர் முகம் சுளிக்கிறார் என்பது அவருடைய குறை. இந்தக் கார்களுக்கு வேண்டிய பாட்டரியின் விலை அதிகம் என்றும் சொன்னார். அதனால் காலையில் வண்டியை எடுத்ததும், அந்த வசதியை நிறுத்தும் பொத்தானைத்தான் அவர் முதலில் அமுக்குவாராம்.

இன்னொருவர் அதை ஆதரித்தார். ரெயில்வே கேட்டில் பத்து நிமிஷம் நிற்கும்போது எதற்காக பெட்ரோலை எரிக்க வேண்டும் என்று கேட்டார். சும்மா நின்று ஓடும் ஒரு சிறிய காரே மணிக்குச் சுமார் அரை லிட்டர் பெட்ரோலைக் குடித்து விடும் அல்லவா?

மூன்றாமவர் பிரேக்கைப் பற்றிப் பேசினார். சில கார்களில் பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தி விட்டால் போதும். காலை எடுத்த பிறகும் பிரேக் பிடித்தபடியே இருக்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால்தான் விடும். பாலத்து ஏற்றத்தில் வரிசையாக நிற்கும்போது வண்டி பின்னால் உருளாது. கால் வலியும் இல்லை. ஆனால் அந்தப் பழக்கத்தோடு பழைய காரை ஓட்டினால் ஆபத்து, காலை எடுத்ததும் வண்டி உருண்டு விடும் என்று அவர் எச்சரித்தார்.

ஓரமாக உட்கார்ந்திருந்த வயதான லாரி டிரைவர் கடைசியில்தான் வாய் திறந்தார். கிளீனராக இருந்த காலத்தில் இரும்பு ஹேண்டிலைப் போட்டுச் சுழற்றி லாரியைக் கிளப்பியவர் அவர். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும் என்று அவருக்கு அந்தக் காலத்து டிரைவர் முதல் பாடம் சொல்லிக் கொடுத்தாராம். மாற்றிப் பிடித்தால், ஹேண்டில் எதிர்த்து அடிக்கும்போது விரல் போய் விடும்.

வயலில் பழைய ஆயில் என்ஜினைச் சுழற்றிக் கிளப்பியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

அந்த ஹேண்டிலை டிரைவரின் கையில் இருந்து வாங்கி எறிந்தவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் சார்லஸ் கெட்டரிங். இன்று என்ஜின் தானே நின்று தானே ஓடுகிறது என்றால், அதற்கு விதை போட்டவர் அவர்தான்.

அவருடைய வாழ்க்கை விசித்திரமானது. லட்சக்கணக்கான கைகளைக் காப்பாற்றிய அதே மனிதர், உலகத்துக் காற்றில் விஷம் கலக்கவும் காரணமாக இருந்தார்.

கண் வலி

கெட்டரிங் 1876-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந்தேதி அமெரிக்காவில் பிறந்தார். ஒகாயோ மாநிலத்தில் லவுடன்வில் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பண்ணை வீடுதான் அவர் பிறந்த இடம். தகப்பனார் விவசாயி.

சிறுவனுக்குப் படிப்பில் ஆசை அதிகம். ஆனால் கண் ஒத்துழைக்கவில்லை. புத்தகத்தை எடுத்தால் கண் வலிக்கும். தலை வெடிப்பது போல் இருக்கும்.

பள்ளிப் படிப்பை முடித்ததும் கிராமப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்த்தார். பணம் சேர்த்துக் கொண்டு ஒகாயோ சர்வகலாசாலையில் என்ஜினீயரிங் படிக்கப் போனார். அங்கேயும் கண் வலி அவரை விடவில்லை. படிப்பை நிறுத்த வேண்டியதாயிற்று.

வேறு ஒருவராக இருந்தால் விதி என்று இருந்து விடுவார். கெட்டரிங் மண்வெட்டியை எடுத்தார். டெலிபோன் கம்பம் நடும் கூலிக் கூட்டத்தில் சேர்ந்தார். குழி தோண்டினார், கம்பம் நட்டார், கம்பி இழுத்தார். திறந்த வெளி வேலையில் உடம்பு தேறியது. மின்சாரத்தைப் பற்றிய அறிவும் கையோடு வளர்ந்தது.

ஆஷ்லண்டு என்ற ஊரில் இந்த வேலை பார்த்தபோதுதான் ஆலிவ் வில்லியம்ஸ் என்ற பெண்ணைச் சந்தித்தார். 1905-ம் ஆண்டு அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது.

அதற்கு முன்பே அவர் மறுபடியும் கல்லூரிக்குப் போயிருந்தார். உடன் படித்த மாணவர்கள் பாடத்தை உரக்கப் படிப்பார்கள். கெட்டரிங் காதால் கேட்டு மனதில் பதிய வைத்துக் கொள்வார். இப்படியே படித்து 1904-ம் ஆண்டு மின்சார என்ஜினீயர் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 27.

கல்லாப்பெட்டி மோட்டார்

டேட்டன் நகரத்தில் இருந்த ஒரு பெரிய கம்பெனி, கடைகளுக்குக் கல்லாப்பெட்டி யந்திரம் செய்து விற்றது. கெட்டரிங்குக்கு அங்கே உத்தியோகம் கிடைத்தது.

அந்தக் காலத்துக் கல்லாப்பெட்டியைக் கையால் சுழற்றித்தான் திறக்க வேண்டும். அதை மின்சாரத்தால் திறக்க வழி செய்யும்படி அவரிடம் சொன்னார்கள். பெட்டிக்குள் இடமோ கொஞ்சம். பெரிய மோட்டாரை வைக்க முடியாது.

கெட்டரிங் யோசித்தார். மின்விசிறியைப் போல் இந்த மோட்டார் நாள் முழுவதும் ஓட வேண்டியது இல்லை. ஒரு வினாடி பலமாகச் சுழன்றால் போதும். பிறகு ஓய்வு எடுத்துக் கொள்ளலாம். கொஞ்ச நேரத்துக்கு என்றால் சின்ன மோட்டார் கூடப் பெரிய பாரத்தை இழுக்கும், எரிந்து போகாது.

அப்படியே செய்தார். 1906-ம் ஆண்டு மின்சாரக் கல்லாப்பெட்டி வந்தது.

கடையில் காசு எண்ணும் பெட்டிக்குச் செய்த இந்தச் சின்ன யோசனைதான் பிறகு மோட்டார் உலகத்தையே மாற்றியது.

தானியக் கொட்டகை

அதே கம்பெனியில் எட்வர்டு டீட்ஸ் என்ற நண்பர் இருந்தார். அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை உண்டு. வேலை நேரம் முடிந்ததும் கெட்டரிங்கும் கூட்டாளிகளும் அங்கே கூடுவார்கள். இரவெல்லாம் கார் என்ஜினைப் பிரித்து வைத்துக் கொண்டு ஆராய்ச்சி செய்வார்கள்.

முதலில் காருக்கு நல்ல மின்பொறி அமைப்பைச் செய்தார்கள். காடிலாக் கார் கம்பெனி அதை வாங்கிக் கொண்டது. கொட்டகைக் கூட்டம் 1909-ம் ஆண்டு ஒரு கம்பெனியாக மாறியது. டெல்கோ என்று அதற்குப் பெயர். கெட்டரிங் உத்தியோகத்தை விட்டு விட்டு இதிலேயே இறங்கினார்.

கையை ஒடித்த ஹேண்டில்

அப்போது கார் ஓட்ட ஆசைப்படுகிறவருக்குப் பணம் மட்டும் போதாது. தோள் பலமும் வேண்டும். காரின் முன்பக்கத்தில் ஹேண்டிலைச் செருகிச் சுழற்ற வேண்டும். நேரம் தப்பி நெருப்புப் பொறி விழுந்தால் என்ஜின் எதிர்ப்பக்கம் உதைக்கும். இரும்பு ஹேண்டில் மின்னல் வேகத்தில் திரும்பி அடிக்கும். மணிக்கட்டு ஒடியும். தாடை பெயரும்.

பைரன் கார்ட்டர் என்பவர் கார் தயாரிப்பாளர். வழியில் கார் நின்று போய்த் தவித்த ஒரு பெண்ணுக்கு உதவுவதற்காக அவர் ஹேண்டிலைச் சுழற்றினார் என்றும், அது திருப்பி அடித்ததால் பட்ட காயத்தைத் தொடர்ந்து நோயுற்று இறந்தார் என்றும் மோட்டார் உலகில் ஒரு கதை வழங்கி வருகிறது. அவர் 1908-ம் ஆண்டு காலமானார். காடிலாக் கம்பெனியின் தலைவர் ஹென்றி லீலண்டு அவருடைய நண்பர். இனி ஹேண்டிலால் ஒருவரும் சாகக் கூடாது என்று லீலண்டு உறுதி கொண்டாராம்.

லீலண்டு இந்த வேலையைக் கெட்டரிங்கிடம் ஒப்படைத்தார்.

நிபுணர்கள் நம்பவில்லை. கார் என்ஜினைச் சுழற்ற வேண்டும் என்றால் அந்த என்ஜின் அளவுக்கே பெரிய மோட்டார் வேண்டும், வண்டி நிறைய பாட்டரி வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள்.

கெட்டரிங்குக்குக் கல்லாப்பெட்டி நினைவுக்கு வந்தது. இங்கேயும் சில வினாடிதானே வேலை? என்ஜின் பிடித்துக் கொண்டதும் மோட்டார் சும்மா இருக்கலாமே!

சும்மா கூட இருக்க விடவில்லை அவர். என்ஜின் ஓடத் தொடங்கியதும் அதே மோட்டாரை என்ஜின் சுழற்றும். அப்போது மோட்டார் மின்சாரம் உண்டாக்கும் யந்திரமாக மாறி விடும். அந்த மின்சாரம் பாட்டரிக்குள் போகும். காரின் விளக்கும் அதில் எரியும். கொடுத்த கடனை வட்டியோடு திருப்பி வாங்குவது போன்ற ஏற்பாடு இது.

கொட்டகையில் இரவு பகலாக வேலை நடந்தது. 1911-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் டெட்ராயிட் நகரத்தில் லீலண்டின் முன்னால் சோதனை நடந்தது. பொத்தானை அமுக்கினார்கள். என்ஜின் ஓடியது!

1912-ம் ஆண்டு காடிலாக் கார்கள் செல்ப் ஸ்டார்ட்டரோடு விற்பனைக்கு வந்தன.

பெண்கள் ஓட்டினார்கள்

அதுவரை பல பெண்கள் மின்சாரக் காரைத்தான் விரும்பினார்கள். அதற்கு ஹேண்டில் கிடையாது. ஆனால் அது அதிக தூரம் போகாது. ஸ்டார்ட்டர் வந்ததும் பெட்ரோல் காரைப் பெண்களும் முதியவர்களும் தாமே எடுத்துக் கொண்டு போனார்கள். மின்சாரக் காரின் வியாபாரம் படுத்து விட்டதற்கு இதுவும் ஒரு முக்கிய காரணம்.

1919-ம் ஆண்டு போர்டு கம்பெனியின் மலிவு விலைக் காரிலும் ஸ்டார்ட்டர் வந்து விட்டது. லாரிகளுக்கும் பஸ்களுக்கும் அது வந்து சேர இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

கெட்டரிங்கின் கம்பெனி பிறகு ஜெனரல் மோட்டார்ஸ் என்ற பெரிய கம்பெனியோடு சேர்ந்தது. அதன் ஆராய்ச்சிப் பிரிவுக்கு 1920-ம் ஆண்டு முதல் 1947-ம் ஆண்டு வரை அவரே தலைவர்.

அவருக்கும் தோல்வி வந்தது. தண்ணீர் இல்லாமல் காற்றாலும் செப்புத் தகட்டாலும் குளிரும் என்ஜினைச் செய்தார். 1923-ம் ஆண்டு அந்தக் கார்கள் விற்பனைக்கு வந்தன. வாங்கியவர்கள் புகார் செய்தார்கள். விற்ற கார்களைக் கம்பெனி திரும்பப் பெற்றது. கெட்டரிங் மனம் உடைந்து ராஜினாமா செய்ய முன்வந்தார். கம்பெனித் தலைவர்கள் அவரை விடவில்லை.

பெட்ரோலில் ஈயம்

இனி வருவது அவர் வாழ்க்கையின் இருண்ட பக்கம்.

அந்தக் காலத்து என்ஜின்களில் ஒரு நோய் இருந்தது. ஏற்றத்தில் ஏறும்போது சுத்தியால் அடிப்பது போலத் தட்டும் சத்தம் வரும். பெட்ரோல் தாறுமாறாக எரிவதுதான் காரணம். இதைப் போக்கும் மருந்தைத் தேடும்படி தாமஸ் மிட்ஜ்லி என்ற தம் உதவியாளரிடம் கெட்டரிங் சொன்னார்.

பெட்ரோலோடு சாராயச் சத்தைக் கலந்தால் தட்டல் குறையும் என்று அவர்கள் கண்டார்கள். ஆனால் சாராயச் சத்து யாரும் காய்ச்சக் கூடிய பொருள். அதற்குத் தனி உரிமை வாங்க முடியாது. 1921-ம் ஆண்டு டிசம்பரில் மிட்ஜ்லி இன்னொன்றைக் கண்டுபிடித்தார். அது ஈயம் கலந்த ஒரு திரவம். சில துளி கலந்தால் போதும், தட்டல் நின்று விடும். இதற்கு உரிமை வாங்க முடியும். பணமும் குவியும்.

ஈயம் விஷம் என்பது அப்போதே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மிட்ஜ்லியே 1923-ம் ஆண்டு ஈய விஷத்தால் நோயுற்று ஓய்வு எடுத்தவர். ஆனாலும் விற்பனை நடந்தது. அதற்கென்று ஏற்பட்ட கம்பெனிக்குக் கெட்டரிங் முதல் தலைவர் ஆனார்.

1924-ம் ஆண்டு அக்டோபர் மாதம் நியூஜெர்சியில் இந்தத் திரவம் செய்யும் இடத்தில் தொழிலாளர்கள் புத்தி பேதலித்து விழுந்தார்கள். 5 பேர் இறந்தார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். நிருபர்களின் பயத்தைப் போக்குவதற்காக மிட்ஜ்லி அந்தத் திரவத்தைத் தம் கையில் ஊற்றிக் காட்டினார்.

விற்பனை சில மாதம் நிறுத்தி வைக்கப்பட்டது. அரசாங்கம் அமைத்த குழு, தடை செய்யப் போதிய காரணம் இல்லை என்று 1926-ம் ஆண்டு சொல்லி விட்டது. மறுபடியும் விற்பனை நடந்தது. உலகம் முழுவதும் பரவியது.

பல லட்சம் வாகனங்களின் புகையில் ஈயம் வெளிவந்தது. அது மண்ணில் படிந்தது. மூச்சில் கலந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கிறது என்பதைப் பின்னால் வந்த ஆராய்ச்சிகள் நிரூபித்தன. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோலின் விற்பனை 2000-ம் ஆண்டு முடிவுக்கு வந்தது. உலகத்திலேயே கடைசியாக அல்ஜீரியா 2021-ம் ஆண்டு நிறுத்தியது.

கண்டுபிடித்து நூறு ஆண்டு ஆகிய பிறகுதான் உலகம் அந்த விஷத்தைக் கைவிட்டது.

அன்று அவர்கள் ஒதுக்கிய சாராயச் சத்து என்ன ஆயிற்று? அதுதான் இன்று எத்தனால் என்ற பெயரில் நம் பெட்ரோலில் 20 சதவீதம் வரை கலக்கப்படுகிறது. அதை எடுக்க உதவும் பொருள்களில் கரும்பும் ஒன்று. சேத்தியாத்தோப்பு நாலு ரோட்டில் டிராக்டரில் போகிறதே, அதே கரும்புதான்!

ரெயிலும் ஆஸ்பத்திரியும்

கெட்டரிங் டீசல் என்ஜினிலும் பெரும் வேலை செய்தார். அவருடைய மகன் யூஜினும் அந்த ஆராய்ச்சியில் உழைத்தார். 1934-ம் ஆண்டு அவர்களுடைய டீசல் என்ஜின் பூட்டிய ரெயில், டென்வர் நகரத்தில் இருந்து சிகாகோ வரை, 1,600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தை வழியில் நிற்காமல் சுமார் 13 மணி நேரத்தில் கடந்தது. நீராவி ரெயில்களின் காலம் முடியத் தொடங்கியது.

சம்பாதித்த பணத்தை அவர் பூட்டி வைக்கவில்லை. புல் ஏன் பச்சையாக இருக்கிறது, இலை எப்படி வெயிலை உணவாக்குகிறது என்று ஆராயப் பணம் கொடுத்தார். 1945-ம் ஆண்டு ஸ்லோன் என்ற நண்பரோடு சேர்ந்து நியூயார்க் நகரத்தில் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தை ஏற்படுத்தினார். அது இன்றும் இரண்டு பேருடைய பெயரையும் தாங்கி நிற்கிறது.

மனைவி ஆலிவ் 1946-ம் ஆண்டு காலமானார். கெட்டரிங் 1958-ம் ஆண்டு நவம்பர் 25-ந்தேதி டேட்டன் நகரத்தில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 82. அதற்கு முந்திய ஆண்டுதான் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டும் வேலை தொடங்கியது.

மறுபடியும் நாலு ரோடு

இனி டீக்கடை விவாதத்துக்கு வருவோம்.

என்ஜினை அடிக்கடி நிறுத்தி ஓட்டினால் ஸ்டார்ட்டர் கெட்டு விடாதா என்று பல டிரைவர்கள் பயப்படுகிறார்கள். பழைய காராக இருந்தால் அந்தப் பயம் நியாயம். ஆனால் இந்த வசதி உள்ள கார்களில் ஸ்டார்ட்டரும் பாட்டரியும் அதிக உழைப்பைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. பாட்டரியில் சக்தி குறைந்தால் என்ஜின் தானே நிற்காது. ஏ.சி.க்கு அதிக வேலை இருந்தாலும் பல கார்களில் நிற்காது.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. பாட்டரியை மாற்றும்போது, விலை குறைவு என்று சாதாரண பாட்டரியைப் போட்டால் அது சீக்கிரமே செத்துப் போகும். கம்பெனி சொன்ன ரகத்தையே போட வேண்டும்.

சில புதுக் கார்களில் ஸ்டார்ட்டரும் மின்சாரம் உண்டாக்கும் யந்திரமும் ஒன்றாகவே இருக்கின்றன. நின்றால் அதே யந்திரம் என்ஜினைக் கிளப்பும். ஓடினால் அதுவே பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றும். 1912-ம் ஆண்டு கெட்டரிங் செய்த அதே ஏற்பாடு சுற்றிச் சுற்றி மறுபடியும் வந்திருக்கிறது.

ஆனால் அந்த டிரைவர்களின் குறையையும் தள்ளி விட முடியாது. கெட்டரிங் செய்த ஸ்டார்ட்டரை டிரைவர்கள் கொண்டாடினார்கள். அது அவர்களின் கையைக் காப்பாற்றியது. யாரும் வற்புறுத்தத் தேவைப்படவில்லை. அவர் பெட்ரோலில் கலந்த ஈயத்தையும் அவர்கள் ஏற்றுக் கொண்டார்கள். வண்டி நன்றாக இழுத்தது. காற்றில் போன விஷம் கண்ணுக்குத் தெரியவில்லை.

நாலு ரோட்டில் என்ஜின் தானே நிற்பது டிரைவருக்குக் கொஞ்சம் தொல்லைதான். ஆனால் அந்த நிமிஷத்தில் சாலை ஓரமாகப் பள்ளிக்கூடம் விட்டு நடந்து போகும் குழந்தைகளுக்குப் புகை குறைகிறது. அந்த லாபம் டிரைவரின் கணக்கில் எழுதப்படுவது இல்லை.

வயதான லாரி டிரைவர் டீயைக் குடித்து முடித்தார். லாரியில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். என்ஜின் உடனே பிடித்துக் கொண்டது. அவருடைய பத்து விரலும் ஸ்டீரிங் மேல் பத்திரமாக இருந்தன.